கம்பெனி தரும் சுவனீர் விளம்பரமும் ஜீப்பும் தேர்தல் கணக்கில் வருமா?

கொழிஞ்சாம்பாறை வாக்காளர்:
கஞ்சிக்கோட்டில் உள்ள ஒரு பிரைவேட் கம்பெனி, கட்சி மாநாட்டு சுவனீருக்கு (மாநாட்டு மலருக்கு) 2 லட்ச ரூபாய் விளம்பரம் தருகிறது, வேட்பாளருக்கு இரண்டு ஜீப்பும் விடுகிறது என்று வையுங்கள். இதற்கு உச்சவரம்பு உண்டா? கேரள சட்டசபையே சட்டம் போட்டுத் தடுக்க முடியாதா?

வேலந்தாவளம் ஆடிட்டர்:
உச்சவரம்பு உண்டு. கம்பெனிச் சட்டம் 182-ஆம் பிரிவைப் பாருங்கள். கடந்த மூன்று வருட நிகர லாபத்தின் சராசரியில் 7.5 சதவீதம்தான். லாபம் 40, 60, 50 லட்சம் என்றால் சராசரி 50 லட்சம், தரக்கூடியது 3.75 லட்சம். 2017-ல் இந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். தேர்தல் பத்திர வழக்கில் 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை ரத்து செய்ததால் பழைய வரம்பு திரும்பிவிட்டது. எந்தக் கட்சிக்கு எவ்வளவு என்று லாப நட்டக் கணக்கில் பெயரோடு காட்டவும் வேண்டும்.

சுவனீர் விளம்பரமும் நன்கொடையாகவே கணக்காகும். பலர் அதை "விளம்பரச் செலவு" தலைப்பில் எழுதிவிடுகிறார்கள், அது தப்பு. போர்டு கூட்டத்தில் தீர்மானம் வேண்டும், ரொக்கம் கூடாது. அரசு கம்பெனியும், மூன்று நிதியாண்டு முடியாத கம்பெனியும் ஒரு பைசா தர முடியாது. மீறினால் கொடுத்ததைப் போல ஐந்து மடங்கு வரை அபராதம், பொறுப்பான அதிகாரிக்கு ஆறு மாதம் வரை சிறை.

சட்டசபை கேள்விக்கு: கம்பெனிச் சட்டம் மத்தியப் பட்டியலில் இருக்கிறது, கேரளா அதில் கை வைக்க முடியாது. உள்ளாட்சித் தேர்தல்தான் மாநிலத்தின் கையில். 

மீனாட்சிபுரம் பூத் ஏஜென்ட்:
ஜீப் விஷயம் சொல்கிறேன். இலவசமாக விட்டாலும் மாவட்டத் தேர்தல் அதிகாரி வெளியிடும் கட்டணப் பட்டியல்படி நாள் வாடகை போட்டு வேட்பாளர் செலவில் சேர்ப்பார்கள். சட்டசபைத் தேர்தலில் வேட்பாளர் செலவு வரம்பு 40 லட்சம். வண்டியைப் பார்த்த அன்றே தேர்தல் ஆணையத்தின் புகார் ஆப்பான சி-விஜிலில் நம்பர் பிளேட், கட்சிக் கொடி இரண்டும் தெரிய எடுங்கள். ஆப்புக்குள்ளேயே எடுக்க வேண்டும், கேலரியிலிருந்து ஏற்ற முடியாது. புகார் உண்மை என்று தெரிந்தால், செலவுப் பார்வையாளர் தரப்பு வேட்பாளர் செலவைத் தனியாக எழுதிவைக்கும் நிழல் பதிவேட்டில் அது ஏறும். வேட்பாளர் எழுதிக் கொடுக்கும் கணக்கில் அந்த ஜீப் இல்லையென்றால் ஒப்பிட்டுக் காட்ட அந்தப் பதிவேடு முக்கிய ஆதாரம்.

ரிசல்ட் வந்து 30 நாளுக்குள் வேட்பாளர் கணக்குக் கொடுக்க வேண்டும். கலெக்டரேட்டில் 1 ரூபாய் கட்டி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

கொழிஞ்சாம்பாறை வாக்காளர்:
கம்பெனிக் கணக்கை எங்கே பார்ப்பது?

வேலந்தாவளம் ஆடிட்டர்:
மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் எம்.சி.ஏ. தளத்தில் ஒரு கம்பெனிக்கு 100 ரூபாய் வீதம் கட்டினால், அதன் ஆண்டுக் கணக்கு அடங்கிய ஏ.ஓ.சி-4 படிவமும் இணைப்புகளும் திறக்கும். ஆனால் கால இடைவெளிதான் பெரிய ஓட்டை. ஏப்ரலில் கொடுத்த பணம் அந்த நிதியாண்டுக் கணக்கில் சேரும். அது அடுத்த வருடம் செப்டம்பரில் கம்பெனியின் ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து அக்டோபர் வாக்கில்தான் தளத்துக்கு வரும். தேர்தல் வழக்குப் போட ரிசல்ட்டிலிருந்து 45 நாள்தான். தேர்தலுக்கு முன்பே கணக்கைக் காட்டச் சொல்லும் விதி வராதவரை வாக்காளருக்கு நியாயம் கிடைக்காது. இப்போதைக்கு 45 நாளுக்குள் கையில் கிடைப்பது வேட்பாளர் கணக்கும் நிழல் பதிவேடும் மட்டுமே. அதனால் 30-ஆம் நாள் முடிந்ததும் கலெக்டரேட்டுக்குப் போய், வேட்பாளர் கணக்கின் சான்றிட்ட நகலுக்கு அன்றே மனு கொடுத்துவிடுங்கள்.