பூஞ்சணம் பிடித்த கசெட், எல்.பி, ஒரு 78: ஓடவிட முன் என்ன செய்யணும்?

கொட்டகலை ரசிகன்

வணக்கம். இந்த மாசம் கைக்கு வந்தவை: சங்கீதா கம்பனி வெளியிட்ட மகாராஜபுரம் சந்தானம் கசெட் 9, எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மா 1966 ஒக்டோபர் 23 ஐ.நா.வில் பாடின கச்சேரியின் எல்.பி, கொலம்பியா கம்பனியின் நாதஸ்வர வித்துவான் ராஜரத்தினம் பிள்ளை தோடி 78 (நிமிஷத்துக்கு 78 சுற்று ஓடுற பழைய தட்டு) ஒன்று. எல்லாம் ஒரே வீட்டு அலுமாரிக்குள் பல மழைக்காலம் கிடந்த சாமான்.

நாலு கசெட்டில் நாடாச் சுருளின் விளிம்பில் மா தூவின மாதிரி வெள்ளை. எல்.பியில் சாம்பல் நிறத்தில் வட்டம் வட்டமா. 78ல் உறைக் காகிதம் ஒட்டிப் பிரிஞ்ச தடம். பாமசியில் சேர்ஜிகல் ஸ்பிரிட் கிடைக்குது, அதால துடைக்கலாமா? பிறகு கொம்பியூட்டருக்கு மாத்தணும். என்ன செட்டிங் வைக்கிறீங்க?

தலவாக்கலை டெக்

முதல்ல, அந்த நாலையும் டெக்கில் போடாதீங்க. வெள்ளைத் தூள் நாடாவை வாசிக்கிற ஹெட்டிலயும் ரப்பர் உருளையிலயும் ஒட்டும். அடுத்துப் போடுற நல்ல கசெட்டுக்கும் அதுதான் போகும். நாலையும் தனியா ஒரு பெட்டியில பிரிச்சு வைங்க.

சேர்ஜிகல் ஸ்பிரிட் வேண்டாம். அதில் ஆமணக்கெண்ணெய் மாதிரி சாமான் கலந்திருக்கு, காய்ஞ்ச பிறகும் பிசுக்கு நிற்கும். போன் திருத்துற கடையில் 99 சதவீத ஐசோபுரொப்பைல் அல்கஹோல் கேளுங்க. அதுவும் ஹெட், உலோகத் தண்டு துடைக்கத்தான். நாடாவில் ஊத்துறதுக்கு இல்லை. ரப்பர் உருளைக்கு ஈரத்துணி போதும்.

நாடாவுக்கு: மூடி இறுகின டப்பாவில் சிலிக்கா ஜெல்லோட ரெண்டு நாள் வைங்க. ஈரமா இருக்கும்போது துடைச்சா பூஞ்சணம் அப்பிக்கும், காய்ஞ்சா உதிரும். பிறகு முகக்கவசம் போட்டு, வீட்டுக்கு வெளியில, கசெட்டின் பிளாஸ்டிக் ஓட்டில் உள்ள அஞ்சு ஸ்குரூவையும் கழட்டுங்க. உள்ளே ரெண்டு பக்கமும் வழுவழுப்பான மெல்லிய தாள் இருக்கும், அது எந்தப் பக்கம் பார்த்து இருந்ததுன்னு முதல்ல ஒரு போட்டோ எடுத்துக்குங்க. சுருளின் விளிம்பை மெல்லிய பிரஷ்ஷால் தட்டி, புது ஓட்டுக்குள் மாத்துங்க. அறுகோணப் பென்சிலைச் சக்கரத்தின் பல்லுக்குள் விட்டு, நாடாவைப் பஞ்சு உதிராத துணிக்கு நடுவால கையாலேயே ஒரு முறை கடைசி வரை சுத்துங்க. பாஸ்ட் போவேர்ட் கூடாது. ஒட்டியிருக்கிற சுருளை மோட்டர் இழுத்தா நாடா நீளும், நீண்டது நீண்டதுதான். 120 நிமிஷக் கசெட்டா இருந்தா இன்னும் கவனம்: 60 நிமிஷ நாடா 18 மைக்ரோன் தடிப்பம், 120 வெறும் 9.

மாத்தளை மிருதங்கம்

எல்.பி பற்றி நான் சொல்றேன். காய்ச்சி வடிச்ச தண்ணி 400 மி.லீ, ஐசோபுரொப்பைல் 100 மி.லீ, பாத்திரம் கழுவுற திரவம் ரெண்டே சொட்டு. பெட்ரோல் செட்டில் விற்கிற பெட்டரித் தண்ணி சரிவரும், ஆனா போத்தலைப் பார்த்து வாங்குங்க, பக்கத்திலேயே அசிட்டும் இருக்கும். குழாய்த் தண்ணி எவ்வளவு தெளிவா இருந்தாலும் வேண்டாம், அதில் இருக்கிற உப்பு காய்ஞ்சு கோட்டுக்குள் நின்று கரகரக்கும்.

நடு லேபிளை ஒரு பிளாஸ்டிக் மூடியால மறைச்சு, மென்மையான பிரஷ்ஷைக் கோடு ஓடுற வழியே வட்டமா ஓட்டுங்க. குறுக்கே தேய்க்காதீங்க. பிறகு வெறும் வடிச்ச தண்ணியால ரெண்டு தடவை அலசி, பீங்கான் காய வைக்கிற ராக்கையில் நிமிர்த்தி வைங்க. பழைய உள்ளுறையைத் தூக்கி எறியுங்க. எத்தனை பேர் தட்டைக் கழுவிட்டு அதே பூஞ்சண உறைக்குள் திருப்பிச் சொருகுறாங்க! வெளி அட்டையை மட்டும் உலர்த்தித் துடைச்சு வைக்கலாம். விறகடுப்புப் புகை படிஞ்ச தட்டு ஒரு கழுவலில் போகாது. கரி எண்ணெய்ப் பிசுக்கோட இருக்கும், ரெண்டு மூணு தடவை வேணும்.

அந்தக் கலவையை 78ல் படவே விடாதீங்க. 78 அரக்குத் தட்டு, அல்கஹோல் அரக்கைக் கரைச்சிடும். தண்ணியும் ஒரு சொட்டு சோப்பும் மட்டும், அதுவும் சீக்கிரமாத் துடைச்சு. விளிம்பில் வெடிப்பு இருந்தா அந்தப் பக்கம் தண்ணியும் காட்டாதீங்க. ஊசியும் வேற: 78க்கு 3 மில் (ஒரு மில் என்றா அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று), எல்.பிக்கு 1 மில்லுக்கும் குறைவு. எல்.பி ஊசியைப் போட்டா அகலக் கோட்டின் அடியில் கிடக்கிற அழுக்கைத்தான் வாசிக்கும்.

இனி எல்.பி வாங்கும்போது தட்டு எண்ணுக்கு முன்னால இருக்கிற எழுத்தைப் பாருங்க. இந்திய எச்.எம்.வியில் எல்.பி என்று முடிஞ்சா மோனோ, எஸ்.டி என்று முடிஞ்சா ஸ்டீரியோ. மோனோவைப் பதியும்போது ரெண்டு சனலையும் ஒன்றாக்கினா கரகரப்பு ஓரளவு அடங்கும். ஊசியின் மேல்கீழ் ஆட்டம் ஒன்றையொன்று அழிச்சிடும்.

வெலிமடை சுருதி

செட்டிங்: 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ். ஆக உரத்த இடம் மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டாம பாருங்க, தனி ஆவர்த்தனத்தில் (மிருதங்கம் தனியா வாசிக்கிற இடம்) வலந்தலை, அதாவது வலப்பக்க அடி, திடீரென்று ஏறும். 90 நிமிஷக் கசெட் வேவ் கோப்பா ஏறத்தாழ 1.5 ஜீ.பி வரும். தரம் குறையாமச் சுருக்கிற பிளாக் (FLAC) கோப்பா ஆக்கினா அதில் பாதியளவு. எம்.பி3யை கேட்கிறதுக்கு வைங்க, காப்பகத்துக்கு வேண்டாம்.

பதியிறதுக்கு முன்ன அசிமத், அதாவது நாடாவுக்கு ஹெட் நிக்கிற சாய்வு, சரி பண்ணணும். ஹெட்டுக்குப் பக்கத்தில் ஸ்பிரிங் வச்ச ஒரு சின்ன ஸ்குரூ. ஒலியை மோனோவுக்கு மாத்தி, தம்புராவின் ஜீவாவை (தந்தியின் ரீங்காரத்தை) கேட்டபடி மெல்லத் திருப்புங்க. கால் சுற்றுக்கு மேல தேவைப்படாது. ஜீவா தெளிஞ்சு வர்ற இடம்தான் சரி. பழைய இடத்தில் மையால ஒரு புள்ளி போட்டுக்குங்க.

இனி வேகம். மலிவு யூ.எஸ்.பி பிளேயரில் தம்புரா அலை அடிக்கும், அதைப் பிறகு திருத்தவே ஏலாது. ஒரே சீரா வேகம் கூடியிருந்தா திருத்தலாம். ஓடாசிட்டி (ஒலி திருத்துற மென்பொருள்) எடுத்தா, அதில் வேகத்தை மாத்துற கட்டளையைத்தான் எடுக்கணும், சுருதியை மட்டும் மாத்துறது இல்லை. டேப் வேகமா ஓடினா சுருதியும் காலப்பிரமாணமும் சேர்ந்துதான் ஏறும், சேர்த்துத்தான் இறக்கணும். சுருதியை அரைக் கட்டை ஏத்த 5.95 சதவீதம், இறக்க மைனஸ் 5.61. ரெண்டுக்கும் 5.95 போட்டுட்டு ‘இன்னும் பொருந்தல’ என்கிறவங்க அதிகம்.

தோடித் தட்டுக்கு: ராஜரத்தினம் பிள்ளை பரவலாக்கினது பாரி நாதஸ்வரம், நீளமான, சுருதி தாழ்ந்த வகை. பாரி ரெண்டு, ரெண்டரைக் கட்டைக்குப் பக்கத்தில் நிக்கணும். மூணுக்கு மேல கேட்டா வேகத்தைச் சந்தேகப்படுங்க. உங்க பிளேயரில் 78 வேகம் இல்லையென்றால் 45ல் ஓட்டிப் பதிஞ்சு 73.33 சதவீதம் கூட்டுங்க.

கடைசியா, இரைச்சல் நீக்கியைத் தொடாதீங்க. அது சீரா ஒலிக்கிற எதையும் இரைச்சல் என்று நினைக்கும். தம்புராவைவிடச் சீரா ஒலிக்கிறது வேற என்ன இருக்கு?

மாத்தளை மிருதங்கம்

வெலிமடை அண்ணே, தொடவே கூடாது என்கிறது கொஞ்சம் அதிகம். கசெட்டில் தம்புரா தொடங்க முன்ன ஒன்றிரண்டு விநாடி வெறும் ‘ஸ்ஸ்’ இருக்கும். அதை மட்டும் மாதிரியா எடுத்து 6 டெசிபெல் குறைச்சா பாட்டு கெடாது.

வெலிமடை சுருதி

ஸ்டூடியோக் கசெட்டுக்குச் சரி, ஒத்துக்கிறேன். மேடைக் கச்சேரியில் அந்த ரெண்டு விநாடி கிடைக்காது, சுருதி சேர்க்கிற சத்தத்தோடதான் பதிவே தொடங்கும். எதுக்கும் மூலக் கோப்பை அப்படியே வச்சுட்டு நகலில் செய்யுங்க.

கொட்டகலை ரசிகன்

எல்லாருக்கும் நன்றி. எல்.பி கழுவியாச்சு, வட்டம் போயிட்டு. ரெண்டு சந்தேகம். நாலில் ஒரு கசெட்டுக்கு ஸ்குரூவே இல்லை, ஒட்டினது. மற்றது, அலுமாரிக்குள் 15 வொட் பல்ப் எரிய விட்டா பூஞ்சணம் திரும்ப வராதா?

தலவாக்கலை டெக்

பல்ப் வேண்டாம் தம்பி. பக்கத்தில் இருக்கிற எல்.பி வளைஞ்சிடும். சின்ன ஈரமானி ஒன்று வாங்கி உள்ளே வைங்க. ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல போனாத்தான் பூஞ்சணம் தலைதூக்கும், 50க்குப் பக்கத்தில் வச்சிருங்க. நீல சிலிக்கா ஜெல் ரோஸ் நிறமானதும் ஓவன் அடுப்பில் 120 பாகையில் ஒன்றரை மணித்தியாலம், திரும்ப நீலமாகும். மே தொடங்கிச் செப்டெம்பர் வரை நம்ம பக்கத்துக்கு அடிக்கடி மாத்தணும். அலுமாரியை வெளிச்சுவரில் ஒட்டாம நாலு விரல் தள்ளி வைங்க.

ஒட்டின ஓட்டுக்கு: மேல் விளிம்புப் பொருத்தில் மெல்லிய கத்தியை வச்சு, கொஞ்சம் கொஞ்சமா நெம்புங்க. நாடா தெரியுற பக்கத்தைக் கடைசியா விடுங்க. திறந்ததும் ரெண்டு சக்கரத்தையும் நாடாவோட ஒன்றாத் தூக்கி ஸ்குரூ வச்ச ஓட்டுக்குள் வைக்கணும். நாடாவைச் சக்கரத்தோட பிடிக்கிற கிளிப் கழண்டா, வெள்ளைத் தலைநாடா மட்டும்தான் வெளியில வரும், பயப்படாம திரும்ப அமத்துங்க. பழைய ஓட்டில் உள்ள சின்னப் பஞ்சுப் பட்டையை மறந்து புதுசுக்கு மாத்திடாதீங்க, பூஞ்சணம் அதில்தான் கூடுதலாக் குடியிருக்கும்.