கவிஞர் வீட்டை நினைவகம் ஆக்குவது: ஓட்டு வீடு, மண்சுவர், எங்கே தொடங்கலாம்?

கேட்டவர்: வாசகசாலை, கொழிஞ்சாம்பாறை

வணக்கமுங்க. பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் ஒரு தமிழ்க் கவிஞர் வாழ்ந்த வீட்டை வாரிசுகள் எங்கள் வாசகசாலைக்கு எழுதித்தரச் சம்மதித்திருக்கிறார்கள். மண்சுவர், மங்களூர் ஓடு, பலகை பாவிய மச்சு. இரண்டு மரப்பெட்டி நிறையக் கையெழுத்துப் பிரதிகளும் கடிதங்களும், கொஞ்சம் ஓலைச்சுவடியும் இருக்கின்றன. கீழே காட்சியகம், மச்சில் நூறு பேர் உட்கார அரங்கு என்பது கமிட்டியின் எண்ணம். சுவரின் அடி உதிர்வதால் சிமென்ட் பூசலாம், கடிதங்களை லேமினேட் செய்யலாம் என்கிறார்கள். இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) தொடங்கும் முன்னால் எதை முடிக்கணும்?

பதில் சொன்னவர்: உத்திரமும் ஓடும்

மச்சில் அரங்கு வேண்டாங்க. குடியிருக்கும் தளத்துக்கு இந்தியத் தரவிதி சொல்லும் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. நாற்காலியை நகர்த்திப்போடும் கூட்ட அரங்குக்கு 500. இரும்பு கர்டர் கொடுத்துத் தாங்கவைத்தால் மொத்தப் பாரமும் மண்சுவரில் ஓரிடத்தில் இறங்கி, அங்கே சுவர் பிளக்கும். தோன்னக்கலில் மலையாளக் கவி குமாரனாசான் வாழ்ந்த வீட்டைத் தனியாக வைத்துக் காக்கிறார்கள். நீங்களும் வீட்டை வீடாகவே விடுங்கள். கவியரங்கம், வகுப்பு எல்லாம் தோட்டத்தில் ஒரு திறந்த ஓட்டுக்கொட்டகை போட்டு நடக்கட்டும்.

மழைக்கு முன்னால் முடிய வேண்டியது கூரை மட்டுமே. மொத்த ஓட்டையும் ஒரே நாளில் இறக்காதீர்கள், கோடைமழை வந்தால் மண்சுவர் கரையும். தார்ப்பாய் கட்டிவிட்டு இரண்டு கைமர (ஓட்டைத் தாங்கும் சாய்வு மரம்) இடைவெளியாகப் பிரித்து ஏறுங்கள். கைமரம் உளுப்பது பெரும்பாலும் சுவரில் உட்காரும் முனையில்தான். கெட்டதை மட்டும் அறுத்து, அதே சாதி மரத்தைச் சாய்வெட்டாக ஒட்டி ஆணிப்பட்டையால் இறுக்கினால் போதும். புது ஓடு வாங்கும்போது பழைய ஓடு ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். கம்பெனிக்குக் கம்பெனி பல் மாறும், பல் கவ்வாவிட்டால் ஒழுகும். நல்ல பழைய ஓடுகளைத் திரட்டி முன்பக்கச் சரிவுக்கு வையுங்கள்.

சுவரடி உதிர்வதற்குக் காரணம் தரையிலிருந்து ஏறும் ஈரம். அது பூச்சின் வழியாக ஆவியாக வேண்டும். சிமென்ட் வழியை அடைத்தால் ஈரம் இன்னும் மேலே ஏறும், உப்பு பூக்கும், சில வருஷத்தில் பூச்சு மண்ணோடு பாளமாகப் பிரியும். வீட்டைச் சுற்றி யாராவது சிமென்ட் தளம் போட்டிருந்தால் முதலில் அதைப் பெயர்த்து, நீர் வெளியே ஓட வாட்டம் கொடுங்கள். பிறகு குழியில் நீற்றிச் சில வாரம் ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த மணல் மூன்று பங்கு, கடுக்காய் ஊறிய நீர். மெல்லிய இரண்டு பூச்சு. முதல் வாரமாவது வெயில் படாமல் சாக்கு தொங்கவிட்டு நீர் தெளிக்கணும், இல்லாவிட்டால் மயிரிழை போல வெடிப்பு விடும். மேலே சுண்ணாம்பு வெள்ளைதான், எமல்ஷன் கூடாது.

பதில் சொன்னவர்: ஆதாரம்

வீட்டை வாங்க வாசகசாலையைச் சங்கமாகப் பதிவதில் ஒரு விஷயம். சித்தூர் பழைய கொச்சி ராஜ்யத்தில் இருந்த தாலுகா. எனவே திருவிதாங்கூர்-கொச்சிச் சங்கச் சட்டம், 1955 பொருந்தும். பாலக்காட்டின் மலபார்ப் பகுதிக்கு 1860ஆம் வருஷச் சங்கப் பதிவுச் சட்டம். வாரிசுகள் எல்லோரும் ஆதாரத்தில் (பத்திரத்தில்) ஒப்பமிடட்டும், போக்குவரவு (பட்டா மாற்றம்) முடித்துச் சங்கத்தின் பேரில் கரம் (நிலவரி) அடையுங்கள்.

வீடு கைக்கு வந்தால் எழுத்துரிமையும் வந்ததாக ஆகாது. கவிஞர் 1970இல் காலமானார் என்றால், அவர் காலத்திலேயே அச்சான நூல்களின் உரிமை 2030 முடிய வாரிசுகளுடையது. கடிதங்களை ஸ்கேன் செய்து வெளியிட எழுத்தில் தனி அனுமதி வாங்குங்கள்.

பதில் சொன்னவர்: சுவடிப்பெட்டி

லேமினேஷனை இன்றே தடுத்துவிடுங்கள், தயவுசெய்து. சூடும் பசையும் தாளோடு கலந்துவிடும், பிரித்தெடுக்க வழியில்லை. செல்லோடேப்பும் அப்படியே, மஞ்சளாகி எழுத்தைத் தின்னும். கிழிசலுக்கு ஜப்பான் டிஷ்யூ என்ற மெல்லிய நார்த்தாளும் மெத்தில் செல்லுலோஸ் பசையும்.

பெட்டியிலிருந்து எடுக்கும்போதே எந்த வரிசையில் இருந்தது என்று படம் எடுத்து, பென்சிலால் எண் போடுங்கள். வரிசை கலைந்தால் தேதியில்லாத கவிதைக்குக் காலம் சொல்ல முடியாமல் போகும். பூச்சி இருந்தால் பாலிதீன் உறையில் காற்றை வெளியேற்றி மூடி, மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம். வெளியே எடுத்த பிறகு ஒரு நாள் முழுக்க உறையைத் திறக்கக் கூடாது, திறந்தால் தாளின்மேல் வியர்க்கும். இது தாளுக்கான முறை. ஓலை வறளாமல் பூசும் எலுமிச்சைப்புல் எண்ணெய் எழுத்தாணியால் கீறிய ஓலைக்கு மட்டுமே, மையால் எழுதியிருந்தால் தொடாதீர்கள். காட்சிப் பேழையில் நகல் இருக்கட்டும். மூலத்தை வைத்தே ஆகணுமென்றால் 50 லக்ஸுக்குள் வெளிச்சம், மூன்று மாதத்தில் எடுத்துவிடணும்.

வாசகசாலை, கொழிஞ்சாம்பாறை

மச்சு யோசனையை விட்டுவிடச் சொல்கிறேனுங்க. சுவடி அறைக்கு ஏசி போடலாமா?

சுவடிப்பெட்டி

இரவும் பகலும் நிற்காமல் ஓட்ட முடிந்தால் மட்டும். பகலில் ஓடி ராத்திரி நிற்கும் ஏசி, இல்லாததைவிடக் கேடு. உங்கள் பக்கம் மார்கழி, தையில் கணவாய்க் காற்று காய்ச்சும், ஆனி ஆடியில் ஈரம் ஏறும். இந்த ஏற்ற இறக்கத்தில்தான் தாள் சுருங்கி ஓலை வளைகிறது. வெளிச்சுவர் சேராத நடு அறை, தரையிலிருந்து அரை அடி உயர்ந்த இரும்பு அலமாரி, அமிலமில்லா அட்டைப்பெட்டி, உள்ளே ஓர் ஈரமானி. 65 சதவீதத்தைத் தாண்டி நின்றால் பூஞ்சை வரும். அந்த நாட்களில் மின்விசிறி போட்டு, பெட்டியில் ஈரம் உறிஞ்ச வைக்கும் சிலிக்கா ஜெல்லை மாற்றுங்கள்.