புதுப்பிப்பு: புரொஜெக்டரில் படம் திக்கியது சரியாகிவிட்டது

எங்கள் குடியிருப்பு அரங்கில் கேமரா பக்கவாட்டில் நகரும் காட்சிகள் திக்குகின்றன, படமும் திரையைத் தாண்டி வழிகிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கேபிளை மாற்றியதில் பயனில்லை. பிளேயரின் வெளியீட்டை 60 ஹெர்ட்ஸிலிருந்து (நொடிக்கு 60 முறை படம் அனுப்புவது) 24-க்கு மாற்றச் சொன்ன யோசனைதான் வேலை செய்தது. நொடிக்கு 24 ஃபிரேம் (தனித்தனி நிலைப்படம்) கொண்ட படத்தை 60-ல் ஓட்டினால் ஒரு ஃபிரேம் மூன்று முறை, அடுத்தது இரண்டு முறை என்று மாறி மாறி வருவதால்தான் அந்தத் திக்கல்.

அப்புறம் லென்ஸ். புரொஜெக்டரிலிருந்து திரைக்குத் தூரம் 6 மீட்டர், திரை அகலம் 3 மீட்டர், வகுத்தால் த்ரோ விகிதம் 2.0. இருந்ததோ 1.2–1.6 விகிதத்துக்கான லென்ஸ்; அதனால்தான் படம் திரையைவிடப் பெரிதாகி வழிந்தது. 1.6–2.4 லென்ஸ் மாட்டியதும் கச்சிதமாகப் பொருந்தியது.

எதிர்பாராதது ஒன்று: 25 ஃபிரேமில் எடுத்த ஆண்டுவிழா வீடியோ 24-ல் திக்கியது, அதற்கு 50 ஹெர்ட்ஸ் வைத்தேன்.