பழைய ஹொண்டா சி 70: வாங்கலாமா, எதிலிருந்து தொடங்குவது?

உவர்மலை ரீச்சர்:

வணக்கம். திருகோணமலை உவர்மலையில் இருக்கிறேன். நிலாவெளிப் பக்கம் ஒரு முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். பஸ்ஸை நம்பிப் போய்வருவது சரிவரவில்லை. சாம்பல்தீவில் ஒரு வீட்டில் ஹொண்டா சி 70 ஒன்று நிற்கிறது, ஒன்றரை இலட்சம் சொல்கிறார்கள். ஆறு வோல்ட், பொயின்ட் (பிளக்குக்குத் தீப்பொறி கொடுக்கிற பழைய முறை) வைத்த பழைய மொடல். புதிதாக நீலப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். வீட்டுப் பெரியவர் ஓடிய வண்டி. அவர் காலமான பிறகு சில வருடம் விறாந்தையிலேயே நின்றதாம். உதைத்தால் ஸ்டார்ட் ஆகிறது, கொஞ்சத் தூரம் ஓடியதும் நின்றுவிடுகிறது.

சேலையோடு ஏறி இறங்கலாம், கிளட்ச் பிடிக்கத் தேவையில்லை, அதனால்தான் இதில் மனம் நிற்கிறது. 100 சிசிக்கு உட்பட்டதுக்கான ஏ1 லைசன்ஸ் கையில் இருக்கிறது. ஸ்பேனர் பிடித்துப் பழக்கமில்லை. ஆனாலும் முடிந்தவரை என் கையாலேயே திருத்தி ஓட வேண்டும் என்று ஆசை. வாங்கலாமா? முதலில் என்ஜினைப் பிரிக்க வேண்டுமா?

பாலையூற்றுக் கராஜ்:

தங்கச்சி, என்ஜின் கடைசி. அதை இப்போது தொடவே வேண்டாம்.

உங்கள் சி 70 ஹொண்டாவின் 'கப்' வகையைச் சேர்ந்தது. கப் வண்டி 1958இல் வந்தது. 2017இல் உற்பத்தி பத்துக் கோடியைத் தாண்டியது. அதனால் பிஸ்டன், ரிங், பொயின்ட், காபரேட்டர் கிட் எல்லாம் இன்றைக்கும் தேடினால் கிடைக்கும். சிலிண்டர் தேய்ந்திருந்தால் லேத்தில் கொடுத்து உட்சுவரைக் கடைந்து எடுக்கலாம். திரும்பக் கிடைக்காதது உடல்தான். கப்பின் உடல் தகட்டை அழுத்தி எடுத்து வெல்டிங்கில் ஒட்டியது, பின் மட்கார்டும் அந்தத் தகட்டின் தொடர்ச்சிதான். நம்முடைய ஊரில் வாடைக்காற்றுக் காலத்தில் உப்பு உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு உள்ளிருந்து வெளியே தின்னும். வெளியில் பெயின்ட் பளபளக்கும், உள்ளே தகடு அப்பளம் மாதிரி ஆகியிருக்கும். சாம்பல்தீவில் கடலுக்குப் பக்கத்து விறாந்தையில் நின்ற வண்டிக்குப் புதுப் பெயின்ட் என்று வாசித்ததும் எனக்கு அதுதான் பயம்.

ஒரு சின்னக் காந்தத்தை லேஞ்சியில் சுற்றிக் கொண்டுபோங்கள். பின் மட்கார்டின் அடிப்பக்கம், பற்றரிப் பெட்டியைச் சுற்றி, நடு ஸ்டாண்ட் பூட்டும் இடம், பின் ஷொக் அப்சோபர் மேலே பூட்டும் இடம், இவ்வளவிலும் வைத்துப் பாருங்கள். காந்தம் பிடிக்காத இடத்தில் தகடு இல்லை, ஓட்டையை மூடப் பூசிய புட்டிதான் இருக்கிறது. மட்கார்டில் ஓட்டை என்றால் வெட்டித் தகடு வைத்து ஒட்டலாம், பயமில்லை. ஷொக் பூட்டும் இடத்தில் புட்டி என்றால் விலையைப் பாதியாக்கினாலும் வாங்காதீர்கள். அது ஓட்டத்தில் முறிகிற இடம்.

காலையிலேயே போங்கள். என்ஜினைத் தொட்டுப் பாருங்கள், குளிராக இருக்க வேண்டும். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள், இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். ஸ்டார்ட் ஆகும்போது மட்டும் கொஞ்சம் நீலப் புகை வந்து நின்றால் வால்வுப் பக்கம் ஒயில் கசிகிறது. முறுக்கும்போதெல்லாம் நீலமாக வந்தால் ரிங். கறுப்பாக வந்தால் பெற்றோல் அதிகமாகப் போகிறது. எல்லாம் திருத்தக்கூடியவை, விலை பேசுவதற்கு மட்டும் உதவும்.

நின்றுபோகிறது என்றீர்களே, அதற்கு ஒரு சோதனை இருக்கிறது. நின்றவுடன் பெற்றோல் டாங்க் மூடியைத் திறந்து மூடிவிட்டு மறுபடி உதையுங்கள். உடனே பிடித்துக்கொண்டு மறுபடி கொஞ்சத் தூரம் ஓடினால் மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பெயின்ட் அடிக்கும்போது இது அடிக்கடி நடக்கும். அப்படிப் பிடிக்கவில்லை என்றால் பெற்றோலைக் காற்றோடு கலக்கிற காபரேட்டரில்தான் கோளாறு.

காபரேட்டரைச் சுத்தம் செய்வதை நீங்களே செய்யலாம். முதலில் டாங்கிலுள்ள பெற்றோலைத் தெளிந்த கண்ணாடிப் போத்தலில் வடித்து நிழலில் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்கும். காபரேட்டரின் கிண்ணத்தைக் கழற்றினால் பழைய பெற்றோல் பிசினாக ஒட்டியிருப்பது தெரியும். நடுவில் பித்தளை ஜெட் (பெற்றோல் போகிற சிறு துளையுள்ள திருகு) இருக்கும். கழற்றி வானத்துக்கு நேரே பிடித்து ஒரு கண்ணால் பாருங்கள், துளை முழு வட்டமாக வெளிச்சம் காட்ட வேண்டும். பிறைபோலத் தெரிந்தால் அழுக்கு. தையல் ஊசியால் குத்தவே கூடாது. பித்தளை மென்மையானது, துளை பெருத்துவிட்டால் அந்த ஜெட் குப்பைக்குத்தான். பழைய வயரிலிருந்து ஒற்றைச் செம்பு இழையை உருவி நுழைத்து எடுங்கள், பிறகு கிளீனர் அடியுங்கள்.

இன்னொன்று, கப்பின் பக்க மூடிகளைப் பூட்டியிருக்கிற திருகுகள் மென்மையானவை. உப்பில் இறுகியிருக்கும். சாதாரண ஸ்க்ரூடிரைவரால் திருகினால் தலை உருண்டுவிடும். சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் டிரைவர் ஒன்று வாங்குங்கள். உங்களுடைய முதல் ஆயுதம் அதுவாகவே இருக்கட்டும்.

கந்தோர் பக்கம்:

ரீச்சர், பெரியவர் காலமாகிவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். சீ.ஆர். புத்தகம் (வண்டியின் பதிவுப் புத்தகம்) யாருடைய பெயரில் இருக்கிறது? அவருடைய பெயரிலேயே இருந்தால், உரிமையை மாற்றிக் கொடுக்க வேண்டியது வாரிசுகள். மரணச் சான்றிதழும் மற்ற வாரிசுகளின் சம்மதமும் இல்லாமல் அது நடக்காது. அவர் முன்பே கையெழுத்து வைத்த படிவம் இருக்கிறது என்று சொன்னால் நம்பிக் காசு கொடுக்க வேண்டாம். என்ஜின் நம்பரையும் சேஸ் நம்பரையும் புத்தகத்தோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். புதுப் பெயின்ட் நம்பரை மூடியிருந்தால் அவர்களையே துடைத்துக் காட்டச் சொல்லுங்கள். முழு உரிமையாளர் என்ற இடத்தில் கடன் கொடுத்த கம்பனி ஏதாவதின் பெயர் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். வருடாந்த லைசன்ஸ் கடைசியாக எப்போது எடுத்தது? நிலுவை இருந்தால் அதை யார் கட்டுவது என்று இப்போதே பேசி முடியுங்கள். புது லைசன்ஸுக்கு இன்சூரன்ஸும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் வேண்டும்.

கிண்ணியா சி 90:

தங்கச்சி, நான் வாப்பாவின் சி 90தான் ஓடுகிறேன். 2009இல் பாலம் திறக்கும்வரை வாப்பா இதைப் பாதைப் படகில் ஏற்றித்தான் டவுனுக்குக் கொண்டுபோவார். இப்போது அந்தப் பாலத்தில் உப்புக்காற்று நேரே முகத்தில் அடிக்கும். வாரத்தில் ஒருநாளாவது அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுகிறேன். கடற்கரைக் கிணறு உவராக இருந்தால் அந்தத் தண்ணீர் வேண்டாம், குழாய்த் தண்ணீர் எடுங்கள். ஆறு வோல்ட் லைட் மெழுகுதிரி அளவுக்குத்தான் இருக்கும். பல்ப் மாற்றுவதற்கு முன்னால் வயர் உடலில் பூட்டியிருக்கும் ஏர்த் இடங்களைக் கழற்றி, துருவைத் தேய்த்து, கிரீஸ் பூசிப் பூட்டுங்கள். எனக்கு அதிலேயே நல்ல வித்தியாசம் தெரிந்தது. நிலாவெளி ரோட்டில் மாடு படுத்திருக்கும், இருட்ட முன்னர் வீடு வந்துவிடுங்கள்.

உவர்மலை ரீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. காந்தத்தோடு போய்ப் பார்த்தேன். மட்கார்டின் அடியில் உள்ளங்கை அளவுக்குக் காந்தம் பிடிக்கவில்லை. ஷொக் பூட்டும் இடமும் ஸ்டாண்ட் பக்கமும் நன்றாகப் பிடித்தது. புகை இல்லை. மூடியைத் திறந்து மூடிவிட்டு உதைத்ததும் பிடித்துக்கொண்டது! நம்பர்கள் புத்தகத்தோடு சரி. பெரியவரின் பெயரில்தான் இருக்கிறது. மகன்மார் இரண்டுபேரும் கந்தோருக்கு வரச் சம்மதம், நிலுவையும் அவர்களே கட்டுகிறார்கள். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய வண்டிக்கு விலை ஏறிவிட்டது என்று சொல்லி முதலில் இறங்கவில்லை. மட்கார்டைக் காட்டியதும் பதினைந்தாயிரம் குறைத்தார்கள். பெயர் மாறும் அன்றுதான் காசு என்று சொல்லிவிட்டேன். வந்தவுடன் எதில் கை வைப்பது? மட்கார்டையும் உடனே ஒட்டிப் பெயின்ட் அடித்துவிடவா?

பாலையூற்றுக் கராஜ்:

நல்ல காரியம் செய்தீர்கள் தங்கச்சி.

முதலில் பிறேக். இரண்டு சில்லையும் கழற்றி பிறேக் சூவைப் பாருங்கள், நின்ற வண்டியில் அது கண்ணாடிபோல் வழுவழுத்திருக்கும். முன் பிறேக் கேபிளைப் பார்க்கத் தேவையில்லை, புதிதாகவே போடுங்கள். ரயரின் பக்கச் சுவரில் மெல்லிய வெடிப்பு இருந்தால் பட்டன் (தரையில் படுகிற வரிகள்) நிறைய இருந்தாலும் மாற்ற வேண்டும். 17 அங்குலம், எந்தக் கடையிலும் இருக்கும்.

பிறகு ஒயில். 800 மில்லிலீற்றர் அளவில் பிடிக்கும். பழையதை வடிக்கும்போது இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்து வெயிலில் பாருங்கள். மினுங்கினால் உள்ளே உலோகம் தேய்கிறது, பால் கலந்ததுபோல் இருந்தால் தண்ணீர். இரண்டில் எது இருந்தாலும் ஓடாமல் என்னிடம் கேளுங்கள். கார் ஒயில் ஊற்ற வேண்டாம். கப்பின் கிளட்ச் ஒயிலுக்குள்தான் சுற்றுகிறது, அதற்கு மோட்டார் சைக்கிள் ஒயில்தான் வேண்டும். இதில் கடதாசி பில்டர் கிடையாது, உள்ளே ஒரு வலை இருக்கிறது. வலது பக்க மூடியைத் திறக்கும் நாளில் அதையும் கழுவுங்கள். டப்பட் (வால்வைத் தள்ளுகிற பகுதி) இடைவெளி 0.05 மில்லிமீற்றர், என்ஜின் குளிர்ந்திருக்கும்போது. முதல் தடவை யாராவது தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

மட்கார்டை இப்போது வெட்டி ஒட்டி, துருத் தடுப்புப் பூச்சு மட்டும் உள்ளேயும் வெளியேயும் அடித்து விடுங்கள். நிறத்துக்கு அவசரமில்லை. மாரியில் அடித்தால் ஈரத்தில் பெயின்ட் வெளிறும், அடியில் துருவும் பிடிக்கும். கச்சான் அடிக்கிற மாதங்களில் காலையில் அடியுங்கள், மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். மூடியின் காற்றுத் துளையை அந்தச் செம்பு இழையாலேயே திறக்கலாம். வண்டி வீட்டுக்கு வந்ததும் டாங்குக்குள் டோர்ச் அடித்து ஒரு படம் எடுத்துப் போடுங்கள், உள்ளே எவ்வளவு துரு என்று பார்த்துச் சொல்கிறேன்.