200 ஜிபி நிறைந்துவிட்டது: 2 டிபி சந்தாவா, சொந்த ஹார்டு டிஸ்க்கா?

கேள்வி:

கைப்பேசிப் படங்களுக்காக நான் வைத்திருக்கும் 200 ஜிபி கிளவுட் திட்டம் சென்ற வாரம் நிறைந்துவிட்டது. அடுத்த படியாக 300, 500 என்று ஏதாவது இருக்கும் என்று தேடினால், நேரே 2 டிபிக்குத்தான் ஏற முடிகிறது. இடம் பத்து மடங்கு, கட்டணம் மூன்று மடங்குக்கு மேல். எனக்கு உடனடியாகத் தேவைப்படுவதோ இருபது முப்பது ஜிபிதான். ஓராண்டுச் சந்தாவை ஒட்டிய விலைக்கே 2 டிபி ஹார்டு டிஸ்க் ஒன்றை வாங்கிவிடலாம் என்பதால், எல்லாவற்றையும் அதில் இறக்கிக்கொண்டு சந்தாவை நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறேன். பன்னிரண்டு ஆண்டுப் படங்கள் இருக்கின்றன; பெற்றோரின் பழைய ஆல்பங்களை ஸ்கேன் செய்து, ஒவ்வொன்றுக்கும் ஆண்டும் மாதமும் நானே குறித்து வைத்தவையும் அவற்றில் அடக்கம். என் கணக்கில் விட்டுப்போனது ஏதேனும் இருந்தால் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1:

விட்டுப்போனது வெளியேறும் செலவு. உள்ளே போகும்போது படங்கள் தாமாகவே ஏறின. வெளியே எடுக்கும்போது அந்த வேலை முழுவதும் உங்கள் தலையில் விழும். விநாடிக்கு 20 மெகாபிட் வேகத்தில் 200 ஜிபியை இறக்க, இடையில் ஒருமுறைகூடத் துண்டிக்கப்படாமல் இருந்தால், ஏறத்தாழ 22 மணி நேரம் ஆகும். கைப்பேசியைக் கணினியில் செருகி நகலெடுத்துவிடலாம் என்று எண்ணாதீர்கள். இடத்தை மிச்சப்படுத்தும் வசதி இயக்கத்தில் இருந்தால், கைப்பேசியில் இருப்பவை பெரும்பாலும் சிறிய உருவங்கள்தான். மூலக் கோப்புகள் கிளவுடில் மட்டுமே இருக்கும்.

ஸ்கேன் செய்த படங்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. கேமராவில் எடுத்த படத்துக்குத் தேதி அந்தக் கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கும். ஸ்கேன் செய்ததற்குச் செயலியில் நீங்கள் இட்ட தேதி, பல வேளைகளில் அந்தச் சேவையின் தரவுத்தளத்தில் மட்டுமே இருக்கும். கூகுள் போட்டோஸிலிருந்து டேக்அவுட் என்ற மொத்தப் பதிவிறக்க வசதி வழியாக எடுத்தால், இத்தகைய விவரங்கள் ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் ஜேசன் எனப்படும் தனி எழுத்துக் கோப்பாக வருகின்றன. அவற்றைப் படத்துடன் மீண்டும் இணைக்காவிட்டால், பாட்டியின் கல்யாணப் படம் நீங்கள் பதிவிறக்கிய நாளின் தேதியோடு வந்து நிற்கும். ஆயிரம் படங்களுக்கு இது நடந்தால் பல நாள் வேலை போய்விடும். ஆகவே முதலில் பத்துப் படங்களை மட்டும் இறக்கி, தேதி பிழைத்து வருகிறதா என்று பாருங்கள்.

இதனால் 2 டிபிக்கு ஏறுங்கள் என்று சொல்லவில்லை. கூகுள் போட்டோஸ் 2021 ஜூன் 1 முதல் அளவற்ற இலவசச் சேமிப்பை நிறுத்தியபோது பலர் இதே இடத்தில்தான் நின்றார்கள். வெளியேறுவது மாதந்தோறும் கடினமாகிக்கொண்டே போகிறது என்பதால், சந்தாவைத் தொடர்ந்தாலும் இறக்கும் பயிற்சியை இப்போதே செய்துவிடுவது நல்லது.

பதில் 2:

முன்னவர் சொன்னவற்றை ஏற்கிறேன். ஆனால் சந்தாவை நிறுத்திவிட்டு ஒற்றை ஹார்டு டிஸ்க்கை நம்புவதைப் பற்றி நானும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் நான் அதைச் செய்து பார்த்தவன். வட்டு ஓடிக்கொண்டிருந்தபோது கம்பியில் கால் தட்டி மேசையிலிருந்து விழுந்தது. முழங்கால் உயரம்கூட இல்லை. மறுபடி செருகியபோது உள்ளே டிக், டிக் என்று ஒரே சீரான ஓசை, பிறகு அமைதி. மீட்டுத் தருவோரிடம் கேட்டபோது, தூசியற்ற அறையில் திறக்க வேண்டும் என்று சொல்லி, வட்டின் விலையைப் போலப் பல மடங்கு கேட்டார்கள், அதற்கும் உறுதி தரவில்லை.

ஆகவே உங்கள் கணக்கில் ஒரு வட்டின் விலைக்குப் பதிலாக இரண்டின் விலையை எழுதுங்கள். இரண்டாவது வேறொரு வீட்டில் இருக்க வேண்டும். ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றும் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதற்கு மாற்றாக சுழலும் வட்டு இல்லாமல் சில்லுகளில் சேமிக்கும் எஸ்எஸ்டி வாங்கி அலமாரியில் பூட்டிவைப்பதும் சரிப்படாது; மின்சாரமே ஏறாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அதில் சேமித்த மின்னேற்றம் மெல்லக் கசியக்கூடும். இவற்றோடு, மாதம் ஒருமுறை நகலெடுக்க நீங்கள் மறக்காமல் இருக்க வேண்டும். நான் மறந்தேன். விழுந்த வட்டின் பழைய நகல் ஒன்று என்னிடம் இருந்தது, ஆனால் அது பதினான்கு மாதம் பழையது.

மறுபுறம், கிளவுடில் இருப்பதாலேயே பத்திரம் என்றும் எண்ண வேண்டாம். அது ஒத்திசைவு: கைப்பேசியில் ஒரு படத்தை அழித்தால் எல்லா இடத்திலும் அழியும். ஐகிளவுடில் 30 நாளும், கூகுள் போட்டோஸில் பதிவேற்றிய படங்கள் 60 நாளும் குப்பைத்தொட்டியில் இருக்கும், அவ்வளவுதான். குழந்தை கையில் கைப்பேசி கொடுக்கும் வீடுகளில் இது சிறிய விஷயமல்ல.

பதில் 3:

வீட்டிலேயே நாஸ் பெட்டி, அதாவது வீட்டு நெட்வொர்க்கில் இணைந்த சேமிப்புப் பெட்டி, வைத்துக்கொள்வது பற்றி யாரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன். நான் வைத்திருக்கிறேன், மகிழ்ச்சியாகவே இருக்கிறேன், ஆனால் உங்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். பெட்டி, இரண்டு வட்டுகள், இருபத்து நான்கு மணி நேர மின்சாரம், அவ்வப்போது மென்பொருள் புதுப்பிப்பு என்று அது பொழுதுபோக்காகவே மாறிவிடும். உள்ளே இரண்டு வட்டுகள் ஒன்றுக்கொன்று நகலாக இருந்தாலும், வீட்டில் திருடு போனால் இரண்டும் சேர்ந்தே போகும்.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. பத்துப் படங்களை இறக்கிப் பார்த்தேன். கேமராவில் எடுத்த ஏழும் சரியாக இருந்தன. ஸ்கேன் செய்த மூன்றும் இன்றைய தேதியோடு வந்தன. எனவே சந்தாவை நிறுத்தும் எண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டேன். ஆனால் 2 டிபிக்கு ஏறவும் மனம் ஒப்பவில்லை. இன்று 200 ஜிபியில் எது இவ்வளவு இடம் பிடிக்கிறது என்று அளவு வாரியாக வரிசைப்படுத்தியபோது, பாதிக்கு மேல் காணொளிகள். கைப்பேசி வாங்கிய நாள் முதல் 4கே தரத்தில் எடுத்திருக்கிறேன், அது எனக்கே தெரியாது.

பதில் 1:

அப்படியானால் உங்கள் சிக்கலின் வேரை நீங்களே பிடித்துவிட்டீர்கள். ஐபோனில் 4கே 30 பிரேம் காணொளி ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 170 எம்பி, அதைவிடக் குறைந்த தரமான 1080பி என்றால் 60 எம்பி. வாரத்துக்கு இருபது நிமிடம் எடுப்பவர் முன்னதில் ஆண்டுக்கு 177 ஜிபியும், பின்னதில் 62 ஜிபியும் சேர்ப்பார். கேமரா அமைப்பில் ஒரு தெரிவை மாற்றுவதற்குக் கட்டணம் ஏதும் இல்லை. பெரிய திரையில் பார்க்க விரும்பும் நிகழ்ச்சிகளுக்கு மட்டும் 4கே வைத்துக்கொள்ளுங்கள்.

இருக்கும் காணொளிகளைப் பொறுத்தவரை, பழையவற்றை மட்டும் இரண்டு வட்டுகளில் நகலெடுத்து, இரண்டிலும் சில கோப்புகளைத் திறந்து பார்த்த பிறகே கிளவுடிலிருந்து நீக்குங்கள். ஸ்கேன் செய்த படங்கள் கிளவுடிலேயே இருக்கட்டும்; அவற்றை எடுப்பதற்கு முன் எக்சிஃப்டூல் போன்ற கருவியால் தேதியைக் கோப்புக்குள் எழுதிவிட வேண்டும், அது ஒரு வார இறுதி வேலை. இன்னொன்றையும் கவனியுங்கள்: பல சேவைகளில் மின்னஞ்சலும் இதே இடத்தைத்தான் பகிர்கிறது. நிறைந்தபடியே விட்டால் உங்களுக்கு வரும் அஞ்சல்கள் அனுப்பியவர்களுக்கே திரும்பிப் போகத் தொடங்கும், ஆகவே இன்றிரவே பெரிய காணொளிகளில் ஐந்தாறையாவது வட்டுக்கு மாற்றி வழி விடுங்கள்.

கேள்வி கேட்டவர்:

இரண்டு வட்டுகள் வாங்கிவிட்டேன். ஒன்று அக்காள் வீட்டுக்குப் போகிறது. முதல் பதினெட்டு காணொளிகளை நகலெடுத்து, திறந்து பார்த்து, நீக்கியதில் 31 ஜிபி காலியானது. கேமராவையும் 1080பிக்கு மாற்றிவிட்டேன்.