அமைச்சர்களின் அரசு இல்லங்கள்: வாடகை யார் தருகிறார்கள், பழுது யார் பார்க்கிறார்கள்?

தறிக்காரன் கேட்கிறார்:

சென்ற மே மாதம் ஒரு வழக்கு வேலையாகத் தில்லிக்குப் போயிருந்தபோது, அக்பர் சாலை வழியாக நடந்து செல்ல நேர்ந்தது. ஒவ்வொரு பங்களாவின் மதில் சுவரும் எங்கள் தெருவின் நீளத்திற்கு இருந்தது. உச்சி வெயிலில் ஒருவர் புல்வெளிக்குக் குழாய் பிடித்துத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். வாசலில் ஒரு சிறு லாரியிலிருந்து புதிய ஏசி பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அப்போது மனத்தில் எழுந்த ஐயத்தை இங்கே கேட்கிறேன்.

இந்த வீடுகளில் வசிக்கும் அமைச்சர்கள் வாடகை ஏதேனும் செலுத்துகிறார்களா? மின்கட்டணமும் தோட்டக்காரரின் கூலியும் யார் கணக்கில் சேர்கின்றன? என் மருமகன் மத்திய அரசு ஊழியர். அரசுக் குடியிருப்பில் இருக்கிறார் என்பதற்காக அவருக்கு வீட்டு வாடகைப் படி கிடையாது, அதோடு மாதச் சம்பளத்தில் அந்த வீட்டிற்கான வாடகை போன்ற உரிமக் கட்டணமும் பிடித்துக்கொள்கிறார்கள். அமைச்சருக்கும் இதே விதிதானா? கட்சி வாதம் வேண்டாம். நடைமுறை அறிந்தவர்கள் சொன்னால் போதும்.

சட்டநெறி பதிலளிக்கிறார்:

இதே விதி அன்று. மத்திய அமைச்சர்களுக்கு 1952ஆம் ஆண்டின் அமைச்சர்கள் ஊதியம் மற்றும் படிகள் சட்டம் இருக்கிறது. அறைகலன்களோடு கூடிய இல்லத்தைப் பதவிக்காலம் முழுவதும், பதவி விலகிய பின் மேலும் 1 மாதமும், வாடகையின்றிப் பயன்படுத்த அதன் 4ஆம் பிரிவு அவர்களுக்கு உரிமை தருகிறது. இல்லத்தின் பராமரிப்புக்காக அமைச்சர் தம் கையிலிருந்து எதுவும் தர வேண்டியதில்லை என்றும் அப்பிரிவு தெளிவாகவே சொல்கிறது. ‘பராமரிப்பு’ என்ற சொல்லுக்குள் உள்ளாட்சி வரிகளும், மின்சாரமும், தண்ணீரும் அடங்கும். இந்தச் சலுகையின் மதிப்பை வருமான வரிக்காக அமைச்சரின் வருமானத்தோடு சேர்ப்பதும் இல்லை. ஆகவே உங்கள் மருமகன் இரண்டு வகையில் இழப்பதை அமைச்சர் ஒரு வகையிலும் இழப்பதில்லை.

குடியரசுத் தலைவரின் நிலை இன்னும் உயர்ந்தது. வாடகையில்லா இல்லம் அவருக்கு அரசமைப்புச் சட்டத்தின் 59ஆம் உறுப்பிலேயே உறுதிசெய்யப்பட்டிருக்கிறது. ஆளுநருக்கு 158ஆம் உறுப்பு. குடியரசுத் தலைவரின் ஊதியமும் அவரது பதவி சார்ந்த செலவும் மத்திய அரசின் வருவாய் சேரும் இந்தியத் தொகுப்பு நிதியின் மீது நேரடியாகச் சாற்றப்படுபவை. நாடாளுமன்றத்தில் அவற்றைப் பற்றி விவாதிக்கலாம், வாக்கெடுப்பு நடத்த முடியாது.

நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு வேறு விதிகள். அடுக்குமாடி வீடு என்றால் உரிமக் கட்டணம் இல்லை. ஆண்டுக்கு 50,000 யூனிட் மின்சாரமும் 4,000 கிலோலிட்டர் தண்ணீரும் கட்டணமின்றிக் கிடைக்கும். இரண்டு மாதத்திற்கு 500 யூனிட் செலவழிக்கும் நம் ஊர்க் குடும்பத்திற்கு அந்த 50,000 யூனிட் பதினாறு ஆண்டுகளுக்கு மேல் வரும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்து நானே ஒருமுறை வியந்திருக்கிறேன்.

பழையபொறியாளர் பதிலளிக்கிறார்:

சட்டத்தை நண்பர் சொல்லிவிட்டார். நான் வேலை நடக்கும் விதத்தைச் சொல்கிறேன். ஒரு மாநிலத்தின் பொதுப்பணித் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். தில்லியில் வீட்டை ஒதுக்குவது எஸ்டேட் இயக்ககம், எம்.பி.க்கள் என்றால் அந்தந்த அவையின் வீட்டுவசதிக் குழு. பழுது பார்ப்பது மத்தியப் பொதுப்பணித் துறை. கட்டடம், மின்சாரம், தோட்டக்கலை ஆகிய மூன்றுக்கும் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. நீங்கள் பார்த்த தோட்டக்காரரும், ஏசி இறக்கியவர்களும், உள்ளே சுவர் பூசுகிறவரும் ஒரே வீட்டில் வேலை செய்தாலும் மூன்று வெவ்வேறு கணக்குகளைச் சேர்ந்தவர்கள்.

ஆண்டுதோறும் நடக்கும் சில்லறைப் பழுதுக்குத் தொல்லை இல்லை. குழாய் ஒழுகினால் புகார்ப் பதிவேட்டில் எழுதுவார்கள், ஆள் போவார். செலவு கூடுவது குடியிருப்பவர் மாறும்போதுதான். போனவர் கிழக்குப் பார்த்து வைத்திருந்த சமையலறையை வருகிறவர் தென்கிழக்கிற்கு மாற்றச் சொல்வார். போனவர் போட்ட தரைக்கல் மூன்று ஆண்டுகூட ஆகாத நல்ல கல்லாக இருக்கும், அதைப் பெயர்த்துவிட்டு வேறு கல் கேட்பார்கள். அதிகாரி மதிப்பீடு தயாரித்து, அனுமதி வாங்கி, ஒப்பந்தப்புள்ளி கோரி, வேலையை முடித்து, செய்த வேலையின் அளவுகளை எழுதும் அளவுப் புத்தகத்தில் பதிந்து கையெழுத்திடுவார். தாளில் ஒவ்வொன்றும் முறைப்படி இருக்கும். இது தேவையா என்று கேட்கும் இடம் மட்டும் எந்தத் தாளிலும் இருக்காது.

நான் இளநிலைப் பொறியாளராக இருந்தபோது, பதவி இழந்த ஒருவரின் இல்லத்தில் இருப்புச் சரிபார்க்க அனுப்பப்பட்டேன். ஒவ்வொரு நாற்காலியின் அடியிலும் வெள்ளை வண்ணத்தில் எண் எழுதியிருக்கும். அதைக் கவிழ்த்துப் பார்த்துப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். பட்டியலில் இருந்த இரண்டு தேக்குக் கட்டில்களில் ஒன்றைக் காணவில்லை. ஆனால் பட்டியலில் ஆறு என்றிருந்த மின்விசிறிகள் கூரையில் பதினொன்று தொங்கின. அதிகமான ஐந்தையும் அவர் சொந்தப் பணத்தில் வாங்கியதாகச் சொன்னார்கள், இரசீது இல்லை. கட்டிலுக்கு மட்டும் தேய்மானம் போக விலை கட்டச் சொல்லிக் குறிப்பு எழுதினேன். நிலுவையின்மைச் சான்று அந்தக் குறிப்பு மேலே போய்ச் சேரும் முன்பே கொடுக்கப்பட்டுவிட்டது.

ஒன்றை நியாயமாகவும் சொல்ல வேண்டும். தில்லியில் உள்ள அந்த பங்களாக்களில் பல, ஆங்கிலேயர் காலத்தில் புதிய தலைநகரம் எழுந்தபோது கட்டப்பட்டவை. யார் குடியிருந்தாலும், ஒருவரும் குடியிருக்காவிட்டாலும், கூரைக் கசிவும் கரையானும் தம் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும். முழுச் செலவையும் குடியிருப்பவரின் ஆடம்பரம் என்று எழுதிவிடுவது சரியல்ல.

கீழைக்காற்று பதிலளிக்கிறார்:

பதவியில் இருப்பவருக்கு வீடு தருவதில் எனக்கு வருத்தமில்லை. தொலைதூரத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டு வருகிற, சொத்தில்லாத ஒருவர் தலைநகரில் தங்கிப் பணியாற்ற வேண்டுமானால் வீடு வேண்டும். இல்லாவிட்டால் ஏற்கெனவே அங்கே வீடு உள்ளவர்கள் மட்டுமே அமைச்சராக முடியும். என் குறை, வெளியேற மறுப்பவர்களைப் பற்றியது.

உத்தரப் பிரதேசத்தில் முன்னாள் முதலமைச்சர்களுக்கு வாழ்நாள் முழுவதும் அரசு பங்களா என்று 1997இல் விதி செய்தார்கள். லோக் பிரஹரி என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016இல் அந்த விதியைச் செல்லாது என்றது. உடனே மாநில அரசு சட்டத்தையே திருத்தி அதே சலுகையைத் திரும்பக் கொண்டுவந்தது. 2018 மே 7 அன்று அந்தத் திருத்தத்தையும் நீதிமன்றம் நீக்கியது. பதவியை விட்டு இறங்கியவர் மற்றக் குடிமக்களுக்குச் சமமானவரே என்பதுதான் அடிப்படை. தீர்ப்பளித்த இரு நீதிபதிகளில் ஒருவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஆர். பானுமதி. மறு ஆண்டு பாட்னா உயர் நீதிமன்றம் பீகாரின் இதுபோன்ற சலுகையையும் நீக்கியது. உத்தராகண்ட் உயர் நீதிமன்றமோ முன்னாள் முதலமைச்சர்கள் தங்கியிருந்த காலத்திற்குச் சந்தை வாடகையையே கட்டச் சொன்னது.

இறந்த தலைவரின் அரசு இல்லத்தை நினைவிடமாக்கும்படி குடும்பத்தினர் கேட்கும் வழக்கமும் நெடுநாள் இருந்தது. இனி அப்படி மாற்றுவதில்லை என்று 2014இல் மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது.

நம் மாநிலத்தைப் பற்றி ஒரு சொல். பசுமைவழிச் சாலையில் அமைச்சர்களுக்கு பங்களாக்கள் உண்டு என்றாலும், முதலமைச்சருக்கென்று நிலையான இல்லம் தமிழ்நாட்டில் வழக்கத்தில் இல்லை. காமராசர் திருமலைப் பிள்ளை சாலையில் வாடகை வீட்டில் இருந்தார், எம்.ஜி.ஆர். இராமாவரத்திலும், கருணாநிதி கோபாலபுரத்திலும், ஜெயலலிதா போயஸ் தோட்டத்திலும் சொந்த வீடுகளில் இருந்தார்கள். இதனால் செலவே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. காவல், தொலைபேசி, முகாம் அலுவலகம் எல்லாம் தலைவர் இருக்கும் இடத்தைத் தேடி வருபவை.

தறிக்காரன்:

மூவருக்கும் நன்றி. அப்படியானால், குறிப்பிட்ட ஒரு வீட்டிற்கு ஓராண்டில் மொத்தம் எவ்வளவு செலவாயிற்று என்று அறிய வழி உண்டா?

பழையபொறியாளர்:

நிதிநிலை அறிக்கையில் தேடினால் கிடைக்காது. அங்கே வீடு வாரியாகக் கணக்கு இருக்காது. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். ‘அமைச்சர் இல்லத்திற்கு எவ்வளவு செலவு’ என்று பொதுவாகக் கேட்டால் ‘அத்தகைய தொகுப்பு பராமரிக்கப்படுவதில்லை’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். சாலையின் பெயர், வீட்டு எண், நிதியாண்டு மூன்றையும் குறிப்பிட்டு, கட்டடப் பிரிவுக்கு ஒன்று, மின்பிரிவுக்கு ஒன்று, தோட்டக்கலைக்கு ஒன்று என்று மூன்று மனுக்களாக அனுப்புங்கள். அளவுப் புத்தகத்தின் நகலையும் சேர்த்துக் கேளுங்கள். பெயர்த்தெடுத்த பழைய தரைக்கல் எங்கே போயிற்று என்பதை அதைப் பார்த்த பிறகுதான் கேட்க முடியும்.