உங்க கார்ல உங்கள ரொம்ப கடுப்பேத்துற விஷயம் எது? மனசுல உள்ளத கொட்டிட்டுப் போங்க

பள்ளிக்கரணைக்காரன்:
நானே ஆரம்பிக்கிறேன். ஏசி காத்த உள்ளுக்குள்ளயே சுத்த விடுறதுக்கு ஒரு பட்டன் இருக்கும்ல, அது என் புது வண்டியில இல்ல, ஸ்கிரீனுக்குள்ள போயிடுச்சு. பல்லாவரம் துரைப்பாக்கம் ரோட்டுல தினம் போறவங்களுக்குத் தெரியும், பெருங்குடி குப்பைமேட்டுப் பக்கமிருந்து காத்து திரும்பிச்சுன்னா அந்த நொடியே கை போயி அந்த பட்டன அமுக்கணும். இங்க என்னடான்னா ஸ்கிரீன்ல மேப் ஓடிட்டு இருக்கும், அத தள்ளிட்டு ஏசி படத்த தேடித் தொடணும், அது இன்னொரு பக்கத்த திறக்கும், அதுல சின்னதா ஒரு கார் படமும் வளைஞ்ச அம்புக்குறியும் இருக்கும், ரோடு குலுக்குறதுல விரல் பக்கத்துல இருக்குற படத்துல பட்டு பின்கண்ணாடி ஹீட்டர் ஆன் ஆயிடும், இதுக்குள்ள நாத்தம் உள்ள வந்து சீட் பெல்ட்டே போட்டு உக்காந்திருக்கும். பழைய வண்டியில அது ஒரு தள்ளுற குச்சி. ரோட்டுலேர்ந்து கண்ண எடுக்காமலே தள்ளிடுவேன்.

ஷோரூம்ல இதெல்லாம் தோணாதுங்க. வண்டி நிக்குது, நாம நிக்கிறோம், சேல்ஸ் தம்பி பத்தேகால் இன்ச் சார் பத்தேகால் இன்ச் சார்னு சொல்லிட்டே இருக்காரு, நமக்கும் டிவி வாங்குற மாதிரி ஒரு சந்தோஷம் வந்துடுது.

உங்க வண்டியில என்ன? கம்பெனி பேரு மட்டும் வேணாம், ரசிகர்கள் சண்டை வந்துடும்.

ஸ்பேனர் மாமா:
இதுக்கு டெஸ்ட்டே எடுத்துருக்காங்க தம்பி. ஸ்வீடன்ல வி பிலேகாரேன்னு ஒரு கார் பத்திரிகை, 2022ல 12 வண்டிய கொண்டு போயி 110 கிலோமீட்டர் வேகத்துல ஓட்டிக்கிட்டே ரேடியோ மாத்துறது, ஏசி ஏத்தி இறக்குறதுன்னு நாலு வேலை செய்யச் சொல்லி டைம் பாத்தாங்க. ஜெயிச்சது 2005 மாடல் பழைய வால்வோ, முழுக்க பட்டன், 10 செகண்ட்ல முடிஞ்சிடுச்சு, அதுக்குள்ள வண்டி போனது 306 மீட்டர். கடைசியா வந்த ஸ்கிரீன் வண்டிக்கு 44.9 செகண்ட் ஆச்சு, 1372 மீட்டர் போயிருந்துச்சு. அதாவது ஒண்ணேகால் கிலோமீட்டருக்கு மேல ஸ்கிரீன பாத்துக்கிட்டே.

ஐரோப்பாவுல கார் பாதுகாப்புக்கு மார்க் போடுற யூரோ என்கேப் இப்ப களத்துல இறங்கிருக்கு. 2026லேர்ந்து இண்டிகேட்டர், ஹசார்ட், ஹாரன், வைப்பர், அவசர உதவி அழைப்பு இந்த அஞ்சுக்கும் தனியா பட்டனோ குச்சியோ இல்லன்னா மார்க் குறையும். ஆனா லிஸ்ட்ல ஏசி இல்ல பாருங்க. உங்க குப்பைமேட்டுக்கு அவங்களும் கைகொடுக்கல.

ஆக்டிங் டிரைவர்:
சார் நீங்கள்லாம் ஒரு வண்டிய வச்சிக்கிட்டு பொலம்புறீங்க. நான் ஆக்டிங் டிரைவர், காலையில ஒருத்தர் வண்டி சாயந்திரம் இன்னொருத்தர் வண்டி. ஜப்பான் வழக்கத்துல செஞ்ச வண்டின்னா இண்டிகேட்டர் வலது கைப் பக்கம், ஐரோப்பா வழக்கம்னா இடது பக்கம். காலையில ஓட்டுன பழக்கத்துல சாயந்திரம் கத்திப்பாராவுல இண்டிகேட்டர் போடப்போனா வெயில்ல வைப்பர் சரக் சரக்னு ஓடும். பின்னாடி உக்காந்திருக்குற ஓனர் கண்ணாடி வழியா ஒரு பார்வை பாப்பாரு பாருங்க, அந்தப் பார்வைக்கே தனியா பேட்டா குடுக்கணும்.

ரிவர்ஸ் கியர் கதைய கேளுங்க. ஒரு வண்டியில குமிழுக்குக் கீழ ஒரு வளையத்த தூக்கிட்டு இடது மேல தள்ளணும், ஒண்ணுல குமிழயே கீழ அமுக்கிட்டுத் தள்ளணும், ஒண்ணுல சாதாரணமா வலது கீழ. ஆட்டோமேட்டிக் வந்தப்புறம் இந்தத் தொல்லை போச்சுன்னு நெனச்சேன், இப்ப ஒரு வண்டியில திருகுற குமிழு, ஒண்ணுல ஸ்டியரிங் பக்கத்துல குச்சி, ஒண்ணுல தட்டிவிட்டா திரும்ப நடுவுலயே வந்து நின்னுக்குற லிவர். இந்தக் கடைசி வகைதான் எனக்கு பயம். வண்டி நகராம பூட்டுற பார்க் கியர்ல விழுந்துச்சா இல்லயான்னு கைக்குத் தெரியாது, மீட்டர்ல எழுத்து பாத்துதான் தெரிஞ்சிக்கணும். அமெரிக்காவுலயும் மத்த நாடுகள்லயும் சேத்து இந்த மாதிரி லிவர் வச்ச வண்டிங்கள 2016ல 11 லட்சத்துக்கு மேல திரும்பக் கூப்ட்டாங்க, பார்க்ல போட்டுட்டதா நெனச்சி எறங்கி வண்டி உருண்டு அடிபட்டவங்க இருந்தாங்க. அதனால நான் எந்த வண்டியா இருந்தாலும் ஹேண்ட்பிரேக் போடாம எறங்க மாட்டேன். அந்த ஹேண்ட்பிரேக்கும் இப்ப கையில புடிக்கிற மாதிரி இல்ல, நகம் சைஸுக்கு ஒரு பட்டன், எந்த மூலையில ஒளிச்சி வச்சிருக்காங்கன்னு தேடணும்.

மாட்டுத்தாவணி:
அண்ணே நீங்க சொன்னது உண்மைண்ணே. என் பிரச்சினை சத்தம். 80 தாண்டுனா நிமிசத்துக்கு ஒருக்கா கொட்டும், 120 தாண்டுனா விடாம கத்தும், 2019 ஜூலைலேர்ந்து செய்யுற எல்லா கார்லயும் ஏஐஎஸ் 145ன்னு ரூல் போட்டு வச்சிட்டாங்க. சரி, அது உயிர் காக்குறது, அத விட்டுருவோம். ஆனா மதுரையிலேர்ந்து திருச்சி போற நாலு வழிச் சாலையில 80க்கும் 82க்கும் நடுவுல வண்டி ஓடும்போது எங்கப்பா ஒவ்வொரு தடவையும் "என்னடா வண்டி கத்துது, ஓரமா நிறுத்து"ம்பாரு. விராலிமலை வர்றவரைக்கும் இதே பேச்சுத்தேன்.

இன்னொண்ணு, முன்சீட்டுல அரிசி சிப்பம் ஒண்ணு தூக்கி வச்சா ஆள் உக்காந்துட்டாருன்னு நெனச்சிக்கிட்டு பெல்ட் போடு பெல்ட் போடுன்னு கத்தும். இப்ப அரிசிக்கும் பெல்ட் போட்டுத்தேன் கூட்டிட்டுப் போறோம். யாரும் அந்த சத்தத்த அடைக்கிற டூப்ளிகேட் கிளிப்ப வாங்கி மாட்டிராதீக, 2023ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆன்லைன் கடைகள்லேர்ந்து அத 13,000 லிஸ்டிங்குக்கு மேல தூக்க வச்சிருக்கு. அரிசிக்கு பெல்ட் போடுறது எவ்வளவோ மேல்.

கொங்கு வண்டிக்காரர்:
வணக்கமுங்க. எங்க வண்டியில ஸ்டெப்னியே கெடையாதுங்க. டிக்கி மூடியத் தூக்குனா அந்தக் குழியில ஒரு பாட்டிலும் ஒரு சின்ன காத்தடிக்கிற மிஷினும் இருக்குது, அவ்வளவுதானுங்க. 2020 அக்டோபர்லேர்ந்து டயர் காத்து சென்சாரும் பஞ்சர் கிட்டும் குடுத்தா ஸ்டெப்னி குடுக்க வேண்டாம்னு ரூல மாத்திட்டாங்கல்லங்க, அதோட பலன். ஆணி குத்துனா அந்தப் பாட்டில் மருந்து வேலை செய்யுமுங்க, இல்லைங்கல. ஆனா வால்பாறை மேல போறப்ப ஓரக்கல்லு டயர் பக்கவாட்டுல கிழிச்சு உட்ருச்சு, அங்க மருந்தும் நிக்காது காத்தும் நிக்காது. நாப்பது கொண்டை ஊசி வளைவுல நடுவுல ஏதோ ஒண்ணுல குடும்பத்தோட நிக்கிறோமுங்க. ஹெல்ப்லைன்ல பேசுன புள்ள ரொம்ப மரியாதையா பேசுச்சு, பொள்ளாச்சியிலிருந்து வண்டி வரணும்னுச்சு. டீத்தோட்டத்து ஜீப்புக்காரரு ஒருத்தர்தான் எங்களக் கீழ கொண்டாந்து உட்டாரு.

புது வண்டி பாக்கறவிங்க டிக்கிய திறந்து பாய் தூக்கிப் பாத்துட்டு அப்பறம் அட்வான்ஸ் குடுங்க. நாலு டயரு ஒரு சைஸு ஸ்டெப்னி வேற சைஸுன்னாலும் பரவால்லைங்க, மெதுவா ஓட்டிட்டு வந்து சேந்துக்கலாம். ஒண்ணுமே இல்லாதது வேற.

செங்கல்பட்டு டூ தாம்பரம்:
லேன் மாறாம ஸ்டியரிங்க புடிச்சி இழுக்குற சமாச்சாரம் யாருக்கும் இல்லயா? முன்கண்ணாடி பின்னாடி இருக்குற கேமரா வெள்ளைக்கோட்ட பாத்து ஓட்டுது. ஜிஎஸ்டி ரோட்டுல வேலை நடக்குற எடத்துல பழைய கோடு, புதுக் கோடு, பாதி அழிஞ்ச கோடுன்னு மூணு இருக்கும், பள்ளத்துக்கு நான் ஒதுங்குறேன், அது என்ன திரும்பப் பள்ளத்துக்கே தள்ளுது. இண்டிகேட்டர் போட்டுட்டு ஒதுங்குனா இழுக்காது, ஒவ்வொரு பள்ளத்துக்கும் இண்டிகேட்டர் போட்டா பின்னாடி வர்றவரு என்ன நெனப்பாரு?

அதவிட ஆயுத பூஜை. வண்டிய கழுவி சந்தனம் குங்குமம் வச்சி, முன்னாடி கிரில்ல சாமந்தி மாலை கட்டி, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வச்சி ஸ்டார்ட் பண்ணா மீட்டர் பூரா மஞ்சள் எழுத்து. ரேடார் மறைஞ்சிருக்கு, பிரேக் உதவி கிடைக்காதுன்னு. பார்க்கிங் சென்சார் மாலைய செவருன்னு நெனச்சி பீப்னு இழுத்துக்கிட்டே கெடக்கு. எங்க பாட்டி வேற, பூஜை போட்டதும் வண்டி அழுவுதேடான்னு திருஷ்டி சுத்திப் போட்டாங்க.

யாழ்ப்பாணத்திலிருந்து:
நீங்கள் சொல்லுறதுகளை வாசிக்க சிரிப்பாக் கிடக்கு. எங்கட பக்கம் கனக்கப் பேரிட்ட இருக்கிறது ஜப்பானில ஓடி முடிச்சு இங்க வந்த ரீகண்டிஷன் வாகனங்கள்தான். என்ர வாகனம் ஸ்டார்ட் பண்ணின உடன ஒரு பொம்பிளை ஜப்பான் பாஷையில கதைப்பா. அங்கத்தைய டோல் காட் போடேல்லை எண்டு சொல்லுறாவாம், விசாரிச்சுத்தான் அறிஞ்சனான். ஏ9 வீதியில எங்க போய் அந்தக் காட்டைப் போடுறது? ஸ்கிரீன் முழுக்க ஜப்பான் எழுத்து, மாத்த வழியில்லை. ரேடியோவும் அப்பிடித்தான், ஜப்பான்காரர் எஃப்எம்மை 76இல தொடங்கி 100 வர முந்தியே முடிச்சு வைச்சிருக்கினம், எங்கட ஸ்டேஷன் கனக்க 100க்கு மேல, அதுக்கெண்டு தனியா ஒரு சாமான் வாங்கிப் பூட்டினால்தான் பாட்டுக் கேக்கும். எண்டாலும் உள்ளதைச் சொல்லோணும், ஏசி எல்லாம் பட்டன்.

வேப்பமரத்தடி:
சன்ரூஃப். ஒரே வார்த்தை. மூலைக்கு ஒண்ணா தண்ணி வடியிற குழாய் இருக்கு, அதுல வேப்பம்பூ அடைச்சிக்கிச்சு, நவம்பர் மழையில உள்ள சொட்டுது. மே மாசம் அந்த மெல்லிசு துணி வழியா தலை வேகுது. பசங்க தலைய வெளிய நீட்டுறதுக்குன்னே திறக்கச் சொல்லி அழுறாங்க, அது நீட்டுறதுக்கு இல்லடான்னு சொன்னா விளம்பரத்துல நீட்டுறாங்களேங்குறாங்க.

சிக்னல் சீனு:
சிக்னல்ல நின்னா இன்ஜின் தானா நின்னுடுதே, அத விட்டுட்டீங்க எல்லாரும். இன்ஜின் நின்னா ஏசி கம்ப்ரஸரும் நிக்கும், வெறும் ஃபேன் காத்து. மே மாசம் கோயம்பேட்டுல.

ஸ்பேனர் மாமா:
அத ஆஃப் பண்ண பட்டன் இருக்குமே சீனு?

சிக்னல் சீனு:
இருக்கு மாமா. வண்டிய எடுக்குற ஒவ்வொரு தடவையும் ஆஃப் பண்ணணும், அடுத்த தடவ அதுவா ஆன் ஆயிக்குது. சீட் பெல்ட், ஸ்டார்ட், ஆஃப் பட்டன், அப்புறந்தான் கியர். அந்த வண்டிக்குன்னு தனி பேட்டரி வேற, மாத்தும்போது வெலைய கேட்டா தலை சுத்துது.

அம்மாவுக்காக கேக்குறேன்:
எல்லாரும் பெரிய பெரிய விஷயமா சொல்றீங்க, எனக்கு ஒரு சின்ன சந்தேகம். பிள்ளையார எங்க வைக்கிறீங்க? பழைய வண்டியில டேஷ்போர்டு தட்டையா இருந்துச்சு, நடுவுல ஒட்டிட்டோம். இதுல நடுவுல ஸ்கிரீன் நட்டுக்கிட்டு நிக்குது, டிரைவர் பக்கம் வச்சா ரோடு மறைக்குது, இடது பக்கம் ஏர்பேக்னு எழுதியிருக்கு. அங்க ஒட்டக்கூடாதுன்னு அம்மாகிட்ட சொன்னா சாமியால எப்படிடா ஆபத்து வரும்னு சண்டைக்கு வர்றாங்க.

ஆக்டிங் டிரைவர்:
அந்த ஏர்பேக் மூடி மேல எதையும் ஒட்டாதீங்க, கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள வெடிச்சி வரும், மேல இருக்குறது நேரா முன்சீட்டு ஆள் மூஞ்சிக்குத்தான் போகும். அம்மாகிட்ட அப்படியே சொல்லிடுங்க. நான் ஓட்டுற வண்டிங்கள்ல இப்ப பாதி வண்டியில அவரு கப் ஹோல்டருக்கு வந்துட்டாரு.

அம்மாவுக்காக கேக்குறேன்:
அப்ப காபி?

ஆக்டிங் டிரைவர்:
நிறுத்திட்டு குடிங்க சார்.